இணைப்பைச் சொடுக்கினால் யாருக்குக் காசு?

கேள்வி: ஹெட்போன் வாங்கலாம் என்று ஒரு விமர்சனக் கட்டுரை படித்தேன். அடியில், 'இந்த இணைப்புகள் வழியாக வாங்கினால் எங்களுக்குச் சிறு கமிஷன் கிடைக்கும்' என்று போட்டிருந்தது. அந்தக் கமிஷன் என் தலையில்தான் விழுமா?

பதில்: பொதுவாக விழாது. நீங்கள் நேராகக் கடைக்குப் போனாலும் அதே விலைதான். விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணத்திலிருந்து கடைதான் இதைக் கொடுக்கிறது. அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று பெரிய பெயர், பழைய தரகுதான். அமேசான் 1996-லேயே இதைத் தொடங்கிவிட்டது, அப்போது அது வெறும் புத்தகக் கடை.

உங்களை அனுப்பியது யார் என்று கடைக்கு எப்படித் தெரியும்? இணைப்பின் முகவரியைப் பாருங்கள், நீளமாக ஒரு வால் இருக்கும். அதற்குள் எழுதியவரின் அடையாளக் குறி. சொடுக்கியதும் உங்கள் பிரவுசரில் குக்கீ என்ற சின்னக் குறிப்பு உட்கார்ந்துகொள்ளும். அமேசானில் அதற்கு ஆயுள் 24 மணி நேரம், சில கடைகளில் 30 நாள். அதற்குள் ஹெட்போனை மறந்துவிட்டு நாய்க்குத் தீனி வாங்கினாலும் அவருக்குக் கமிஷன் போகும்! பொருளைத் திருப்பி அனுப்பினால் அதுவும் ரத்து.

இடையில் வேறொருவரின் இணைப்பைச் சொடுக்கினால், பெரும்பாலான கடைகளில் கடைசியாக அனுப்பியவருக்கே காசு. வாரக்கணக்கில் சோதித்து எழுதியவர் வெறுங்கையோடு நிற்க, பணம் கட்டும் நேரத்தில் கூப்பன் காட்டிய தளம் தட்டிக்கொண்டு போய்விடும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

சரி, உங்கள் பர்ஸுக்கு ஆபத்தில்லை. கவனிக்க வேண்டியது எழுதியவரின் நாக்கை. கமிஷன் விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். அதிகம் கிடைக்கும் பக்கம் பாராட்டு சாய்வது மனித இயல்பு. ஒரு குறைகூடச் சொல்லாத 'சிறந்த 10' பட்டியலை நான் நம்புவதில்லை. கமிஷன் உண்டு என்று வெளிப்படையாகச் சொல்பவர் பரவாயில்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி வணிக ஆணையமான எஃப்டிசி அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது.

கேள்வி: நண்பர் ஒருவர் அஃபிலியேட் திட்டத்தில் சேரச் சொல்கிறார். சேர்க்கைக் கட்டணம் உண்டாம். சேரலாமா?

பதில்: வேண்டாம். பெரிய கடைகளின் திட்டங்களில் சேர்வதற்குக் காசு கேட்பதில்லை. பொருள் விற்றால் பணமா, ஆள் பிடித்தால் பணமா என்று அவரிடம் கேளுங்கள். இரண்டாவது என்றால் அது சங்கிலித் திட்டம். அப்புறம், நல்ல திட்டத்தில் சேர்ந்தாலும் உங்கள் இணைப்பிலேயே நீங்கள் வாங்கி லாபம் பார்க்க முடியாது. அமேசான் அதை அனுமதிப்பதில்லை.