வழிகிற பெயின்ட், சொரசொர கதவு

கேள்வி: வீட்டுக் கதவுகளுக்கு ஏர்லெஸ் ஸ்பிரேயரில் (காற்று கலக்காமல், பெயின்ட்டையே பெரும் அழுத்தத்தில் பீய்ச்சும் கருவி) பெயின்ட் அடித்தேன். ஓர் இடத்தில் வழிகிறது, இன்னோர் இடத்தில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. என்ன தவறு?

பதில்: மணிக்கட்டை விசிறி போல் ஆட்டியிருப்பீர்கள். நானும் என் முதல் அலமாரியை அப்படித்தான் கெடுத்தேன். நடுவில் பெயின்ட் தேங்கும், ஓரம் மெலியும். பெயின்ட் வெளிவரும் நுனி கதவுக்கு நேராக, சுமார் 30 செ.மீ. தள்ளி இருக்க, தோளோடு கை நகரட்டும். கை நகரத் தொடங்கிய பிறகே விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு வரியும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். சொரசொரப்பா? அநேகமாகத் தூரம் கூடிவிட்டது. துளிகள் காற்றிலேயே காய்ந்து வந்து ஒட்டுகின்றன. நன்றாகக் காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடியுங்கள். அப்புறம், நுனி அடைத்துக்கொண்டால் விரலை அதன் முன்னால் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசிக்குத்து போலத்தான் தெரியும்; இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.