இடது சீட்டுக்காரரும் போனைப் பையில் போடட்டும்: கேள்வி பதில்

பர்மாவில் ரங்கூன்–மோல்மேன் லைனில் 22 வருஷம் பஸ் ஓட்டியவன். இப்போது ரங்கூனில் வண்டி பழக்கிக் கொடுக்கிறேன். ஓட்டும்போது போனில் மெசேஜ் பார்ப்பது, அடிப்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். 40 கேள்விக்கு மேல் வந்துவிட்டது. பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி. அதனால் சிலருக்கு ஒரு வரிதான் கிடைக்கும், கோபிக்க வேண்டாம்.

பெகு, அரிசிக் கடைக்காரர்: அண்ணே, 15 வருஷமா ஓட்டுறேன். மெசேஜ் பார்க்க ரெண்டு வினாடிதான் ஆகுது. அதுக்குப் போய் இவ்வளவு பயமுறுத்தணுமா?

அந்த ரெண்டு வினாடியை எண்ணியது யார்? நீங்கள்தானே, அதுவும் போனைப் பார்த்துக்கொண்டே! அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆட்கள் லாரிக்குள் கேமரா வைத்து எண்ணினார்கள், 2009-ல் வெளியிட்டார்கள். மெசேஜ் அடித்தபடி ஓட்டி ஆபத்தில் மாட்டிய டிரைவர்களின் கண், அதற்கு முந்தைய 6 வினாடியில் 4.6 வினாடி ரோட்டில் இல்லை. மாட்டும் வாய்ப்பும் 23 மடங்கு. அவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை, தினமும் லாரி ஓட்டுகிறவர்கள்.

மண்டலே ஹைவேயில் 60 மைல் வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். வினாடிக்கு 88 அடி. 5 வினாடியில் 440 அடி. 40 அடி பஸ் 11-ஐ வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

என் கதையையும் சொல்கிறேன். 2014-ல் சிம் 1500 கியாட்டுக்கு வந்தது. அதற்கு முன் லட்சக்கணக்கில் விலை, எங்களைப் போன்றவர்கள் கையில் போனே கிடையாது. அடுத்த வருஷமே நானும் வாங்கிவிட்டேன். பிலின் தாண்டி, விடிகிற நேரம். "அப்பா எங்கே" என்று மகள் கேட்டிருந்தாள். "வருகிறேன்" என்று அடிக்கப் போய் "வரு" வரை வந்துவிட்டேன். முன்னால் விளக்கில்லாத மாட்டு வண்டி, வைக்கோல் பாரம். இடது பக்கம் உட்கார்ந்திருந்த ஸ்பேர் பையன், அதாவது பஸ் உதவியாள், பார்த்துவிட்டான். ஆனால் வாய் நிறைய வெற்றிலை, கத்த முடியவில்லை. அப்படியே கண்ணாடி மேல் துப்பிவிட்டு "சயா!" (பர்மிய மொழியில் ஐயா, வாத்தியார்) என்றான். நம் ஊரில் வலது பக்கம்தானே ஓட்டுகிறோம், பஸ் இடது பக்கம் திரும்பி எதிர் ஓரத்து ஜல்லியில் போய் நின்றது. நல்ல வேளை, எதிரே ஒன்றும் வரவில்லை. மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்த அம்மா ஒருத்தர் அதை ரத்தம் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டார். போனில் "வரு" அப்படியே நின்றது.

ரங்கூன், கம்பெனி டிரைவர்: ப்ளூடூத் மாட்டிக்கொண்டால் பரவாயில்லைதானே சயா?

கை சும்மா இருக்கும், மூளை சும்மா இருக்காது. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் போன் பேசுகிறவரையும் குடித்தவரையும் ரோட்டில் ஓட்டுவது போலவே காட்டும் பயிற்சி இயந்திரத்தில் உட்கார வைத்து ஒப்பிட்டார்கள். அது 2006-ல் வெளிவந்தது. போனைக் கையில் பிடித்தவருக்கும் காதில் மாட்டியவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் பேசினால் அது வேறு. லாரி குறுக்கே வந்தால் அவரும் பார்க்கிறார், பேச்சை நிறுத்திவிடுகிறார். போனில் இருக்கும் மாமியாருக்கு லாரி தெரியாது.

தாட்டோன், ஆசிரியை: என் தம்பி மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறான். சொன்னால் கேட்பதில்லை.

பின்னால் நீங்கள் ஏறாதீர்கள் அம்மா. நீங்களே ஏற மறுத்தால் யோசிப்பான்.

ரங்கூன், பெயர் வேண்டாம் என்றவர்: அபராதம் எவ்வளவு? லைசென்ஸைப் பிடுங்குவார்களா?

கஞ்ஞன ஆபீஸில், அதாவது லைசென்ஸ் கொடுக்கும் போக்குவரத்து ஆபீஸில், கேளுங்கள். நான் பழக்குகிறவன், பிடிக்கிறவன் இல்லை.

மோல்மேன், மெக்கானிக்: எல்லாரும் போனையே குறை சொல்றீங்க. நம்ம ஊரில் ரோடு வலது பக்கம், ஸ்டியரிங்கும் வலது பக்கம். ஓவர்டேக் பண்ணும்போது எதிரே வர்றது டிரைவருக்குத் தெரியாது. இதுதான் கொலைகாரன். போன் சும்மா சாக்கு.

நல்ல கேள்வி. இதற்காகவே உட்கார்ந்தேன். 1970 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, இடது பக்கம் போன நாடு வலது பக்கத்துக்கு மாறியது. ஜோசியர் சொல்லி மாற்றினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, அதை விடுங்கள். ரோடு மாறியது, ஸ்டியரிங் மாறவில்லை. பிறகு வந்த ஜப்பான் வண்டிகளும் வலது ஸ்டியரிங்தான். முன்னே லாரி போனால் அதன் பின்பக்கம்தான் நமக்குத் தெரியும். எட்டிப் பார்க்க வேண்டுமானால் பாதி வண்டியை வெளியே விட வேண்டும்.

அப்படியானால் எதிரே வருவதைப் பார்ப்பது யார்? இடது சீட்டுக்காரர்! ஸ்பேர் "இரு, இரு… போகலாம்" என்று சொல்லித்தான் நான் 22 வருஷம் ஓட்டினேன். சொந்த வண்டியில் அந்த வேலை மனைவிக்கோ மச்சானுக்கோ. இன்றைக்கு அவர் என்ன செய்கிறார்? பேஸ்புக் திறக்க விபிஎன் (தடையைத் தாண்டிப் போகும் ஆப்) சுற்றுகிறது, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். டிரைவர் "போகலாமா" என்றால் தலை நிமிராமல் "ம்" என்கிறார். அந்த "ம்" யாருக்குச் சொன்னது என்று அவருக்கே தெரியாது. ஸ்டியரிங் சாக்கு இல்லை தம்பி, அதனால்தான் நம் ஊரில் போன் இரட்டை ஆபத்து.

பெகு, ஓய்வு பெற்ற லாரிக்காரர்: மோல்மேன் தம்பி சொல்வது தப்பு. 1970-க்குப் பிறகு 40 வருஷம் அதே ஸ்டியரிங்கில்தான் ஓட்டினோம். தூரம் விட்டுப் போனால் எல்லாம் தெரியும். இப்போது லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

மோல்மேன், மெக்கானிக்: ஐயா, அப்போ ரோட்டில் எத்தனை வண்டி இருந்துச்சு? மாடுதான் இருந்துச்சு. இடது ஸ்டியரிங் வண்டி வாங்கினவங்களைக் கேட்டுப் பாருங்க.

ஐயா சொல்வது சரி. பின்னால் தள்ளி வந்தால் லாரியைத் தாண்டிப் பார்வை போகும். தம்பி சொல்வதும் சரி, இடது ஸ்டியரிங்கில் ஓவர்டேக் சுலபம். நான் இரண்டிலும் பழக்குகிறேன். ஆனால் இடது ஸ்டியரிங் வாங்கியவர் என்ன நினைக்கிறார் தெரியுமா? "எனக்குத்தான் எல்லாம் தெரிகிறதே" என்று போனை எடுக்கிறார். போன மாதம் என்னிடம் பழகிய ஒருவர் அப்படித்தான், நான் பக்கத்தில் இருக்கும்போதே எடுத்தார். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கிவிட்டேன். காசைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

இந்தச் சண்டையை இத்தோடு விடுவோம். இன்னும் ஆறு பேர் ஸ்டியரிங் பற்றியே எழுதியிருக்கிறீர்கள்.

ரங்கூன், டாக்ஸி ஓட்டுபவர்: ப்யே ரோட்டில் சிக்னலில் நிற்கும்போது பார்க்கலாமா? வண்டி நகரவே இல்லையே.

பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடிக்கிறானே, அது உங்களுக்குத்தான். வண்டி கிளம்பினாலும் மனசு கிளம்பாது. 2015-ல் அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு பார்த்தது: வாய்ச்சொல்லால் போனுக்கு உத்தரவு கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுசாகத் திரும்ப 27 வினாடி வரை ஆகலாம். 25 மைலில் போனாலும் அதற்குள் கிட்டத்தட்ட ஆயிரம் அடி போயாச்சு.

தன்லியன், மாணவர்: ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றால்?

ப்ளூடூத் மாதிரி, போனைக் கையில் பிடிக்காமல் பேசுவது. பதில் மேலே இருக்கிறது.

ரங்கூன், இல்லத்தரசி: புது வண்டியை ஷ்வே ஞௌங் பின் என்ற நாட் (காவல் தெய்வம்) கோயிலுக்குக் கொண்டுபோய் முன்னும் பின்னும் மூன்று தடவை நகர்த்திக் கும்பிட வைத்தோம். முனீஸ்வரருக்கும் எலுமிச்சை வைத்தோம். கணவர் அந்தத் தைரியத்தில் போன் பார்க்கிறார்.

நானும் கும்பிட்டுத்தான் வண்டி எடுக்கிறேன் அம்மா. கும்பிடும்போது போன் அவர் கையில் இருந்ததா? இல்லையே. அதே மாதிரி ஓட்டும்போதும் உங்கள் பைக்குள் இருக்கட்டும். உங்கள் போனும் அதே பைக்குள். நீங்கள்தான் இடது சீட்.

பெகு, மாணவி: அண்ணா, ப்ளூடூத் போட்டால் பரவாயில்லையா?

அடுத்த வாரம் டயர் பற்றி. ப்ளூடூத் கேள்வி எடுக்க மாட்டேன்.