எமரால்டு ட்ரவுட்: புதுவரவு உண்மையிலேயே சரிந்ததா?

நீலகிரி எமரால்டு அணை ட்ரவுட் மீனின் 15 ஆண்டு மீன்வலைத் தரவில், 9ஆம் ஆண்டிலிருந்து புதுவரவு (ஆண்டுதோறும் இருப்பில் புதிதாகச் சேரும் இளமீன்கள்) எதிர்பார்ப்பிலிருந்து காட்டும் விலகல்கள் எல்லாம் மைனஸ்; ஆர்-நாட்டை (மீன்பிடிப்பே இல்லாத நிலையின் சராசரிப் புதுவரவு) அங்கே உடைத்து, முன்னும் பின்னும் வேறு மதிப்பு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீங்க. அவலாஞ்சி பொரிப்பகக் குஞ்சுகளை விட்ட கணக்கைத் தனியாகப் பிரித்தீர்களா? விடுவது குறைந்தாலே இதே சரிவு வரும். வலைக்கண் அளவு மாறியிருந்தாலும் அது புதுவரவுச் சரிவு போல வேஷம் போடும்.

இரண்டும் இல்லையென்றால் மாதிரியை மூன்று விதமாக ஓட்டுங்கள்: மாறாத ஆர்-நாட், 9இல் உடைத்தது, ஏஆர்1 விலகல் (ஓர் ஆண்டின் விலகல் முந்தைய ஆண்டினதைச் சார்ந்திருப்பது). தரவைப் பார்த்துத்தானே உடைப்பு ஆண்டைத் தேர்ந்தீர்கள்? அதையும் ஓர் அளபுருவாக (மாதிரி மதிப்பிடும் எண்) எண்ணுங்கள். ஏஐசிசி-யில் (மாதிரிகளை ஒப்பிடும் மதிப்பெண்) 2 புள்ளி வித்தியாசம் போதாது. கடைசி இரண்டு மூன்று ஆண்டுக் குஞ்சுகள் வலைக்கு இன்னும் சரியாகச் சிக்கியிருக்காது, சாட்சிக்கு அழைக்காதீர்கள். ஸ்டீப்னஸை (முட்டையிடும் மீன் குறைந்தாலும் புதுவரவு எவ்வளவு தாங்கும் என்ற அளவு) நிலையாக வையுங்கள்.

உடைத்தால் பி-நாட்டும் (மீன்பிடிப்பே இல்லாதபோது இருக்கும் இருப்பு) இறங்கும். அதோடு ஒப்பிட்டால் மெலிந்த இருப்புகூட நலமாகத் தெரியும். பழைய, புதிய இரண்டு பி-நாட்டுக்கும் இப்போதைய இருப்பின் விகிதம் போடுங்கள்.