பாயிண்ட்டுக்கு மோட்டார்: வாசகர் கேள்விகள்

என் மாடல் ரயில் லேஅவுட்டில், 9 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்தில் ஆறு பாயிண்ட் (தடம் பிரியும் இடம்) வைத்திருக்கிறேன். அவற்றை மாற்ற காயில் மோட்டாரா, மெதுவாக நகரும் மோட்டாரா, சர்வோவா? எது நல்லது?

முதலில் பலகைக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். டார்ட்டாய்ஸ் போன்ற மெதுவான மோட்டார் பலகைக்குக் கீழே எட்டொன்பது சென்டிமீட்டர் தொங்கும். அலமாரித் தட்டில் லேஅவுட் அமைத்தவர்களுக்கு அது சரிப்படாது.

காயில் மோட்டார் (கம்பிச்சுருளின் காந்த இழுப்பில் இயங்குவது) ‘டக்’கென்று அடித்து மாற்றும், அடித்த பிறகு நாக்கை, அதாவது தடம் மாற்ற நகரும் தண்டவாள முனையை, பிடித்து வைத்திருக்காது. பீக்கோ நிறுவனத்தின் பாயிண்ட்டுக்குள் இருக்கும் சிறிய ஸ்பிரிங்தான் பிடித்துக்கொள்கிறது. அதனால் அந்த இரண்டும் நல்ல ஜோடி. மெதுவான மோட்டார் தானே அழுத்திப் பிடிக்கும் என்பதால், அதைப் பொருத்தும்போது அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட வேண்டும். சர்வோ, அதாவது சிக்னல் சொல்லும் கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார், சிறியது, விலை குறைவு, அசைவும் அழகு. ஆனால் அதற்குத் தனியாக ஒரு கன்ட்ரோல் போர்டு வேண்டும். என்னைக் கேட்டால், கண்ணில் படும் இடங்களுக்கு சர்வோ, சுரங்கத்துக்குள் மறைந்திருக்கும் பாயிண்ட்டுக்கு காயில். நிஜ ரயிலில் நாக்கு நிதானமாக நகர்வதைப் பார்த்த கண்ணுக்கு, காயிலின் அந்தத் துள்ளல் உறுத்தும்.

காயில் மோட்டார் இரண்டாம் நாளே புகைந்துவிட்டது. மோட்டாரே மட்டமானதா?

சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச் போட்டிருப்பீர்கள். இந்தக் காயில் சில ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். அது ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் தாங்கும். தொடர்ந்து பாய்ந்தால் கருகிவிடும். கையை எடுத்ததும் விட்டுவிடும் அழுத்துப் பொத்தானை மாட்டுங்கள்.

அதோடு ஒரு கபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட்டும் சேர்த்துவிடுங்கள். பெரிய கபாசிட்டரை (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) நிரப்பி வைத்து, பொத்தானை அழுத்தியதும் மொத்தத்தையும் ஒரே அடியாகக் காயிலுக்குள் கொட்டுவதுதான் அதன் வேலை. பொத்தான் சிக்கிக்கொண்டாலும் காயில் பிழைக்கும். நீங்களே செய்வதானால் ஒரு எச்சரிக்கை: 16 வோல்ட் ஏசியை டையோடு வழியாக டிசி ஆக்கினால் கபாசிட்டரில் ஏறுவது ஏறக்குறைய 22 வோல்ட். 16 வோல்ட் கபாசிட்டர் போட்டால் வெடிக்கும். 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் போடுங்கள். பிளஸ், மைனஸ் மாறாமல் இருக்கட்டும்.

மோட்டார் சத்தம் கேட்கிறது, நாக்கு முழுதாகப் போய் ஒட்டவில்லை. ரயில் தடம்புரள்கிறது.

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பத்தில் எட்டுப் பேருக்குக் கோளாறு மோட்டாரில் இருக்காது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் இருந்தால் அதையும் விலக்கிவிட்டு, நாக்குகளை இணைக்கும் குறுக்குப்பட்டையைச் சுண்டுவிரலால் தள்ளிப் பாருங்கள். வெண்ணெயில் போவதுபோல் போக வேண்டும். எங்காவது இடறினால் எந்த மோட்டாரும் அதைச் சரிசெய்யாது.

ஒருமுறை மாலை முழுக்க ஒரு மோட்டாரைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், நாக்குக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரே ஒரு ஜல்லித் துணுக்கு, எள்ளில் பாதி அளவு, பசையோடு ஒட்டிக் கிடந்தது. ஊசி முனையால் தட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஜல்லி ஒட்டும்போது குறுக்குப்பட்டைப் பக்கம் பசையே போகக் கூடாது.

விரலுக்கு இலகுவாக நகர்ந்தால், அடுத்தது நடுமையம். நாக்குக்கு இருபுறமும் ஒரே கனத்தில் அட்டைத் துண்டு செருகி நடுவில் நிறுத்துங்கள். மோட்டாரின் கையையும் அதன் வீச்சின் நடுவில் வைத்து, அந்த நிலையிலேயே திருகுங்கள். பலகை தடிமனாக இருந்தால் மோட்டாரோடு வரும் மெல்லிய கம்பி வளைந்தே வீணாகும்; சற்றுத் தடித்த ஸ்பிரிங் கம்பி போடுங்கள். பலகையில் துளை, கம்பி இருபுறமும் இடிக்காத அகலத்தில் இருக்கட்டும்.

உலோக ஃப்ராக் (உள்பக்கத் தண்டவாளங்கள் சேரும் V வடிவ இடம்) உள்ள பாயிண்ட். ஒரு பக்கம் மாற்றினால் ஷார்ட் ஆகிறது.

ஃப்ராக்கைத் தாண்டிப் போகும் உள்பக்கத் தண்டவாளங்கள் இரண்டிலும் பிளாஸ்டிக் ஜாயினர் (மின்சாரத்தைக் கடத்தாத இணைப்பு) போட்டீர்களா? அதுதான் முதல் காரணம். போட்டும் ஷார்ட் ஆனால், ஃப்ராக்குக்குப் போகும் சுவிட்ச்சில் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பாருங்கள். டார்ட்டாய்ஸில் அந்த சுவிட்ச் உள்ளேயே இருக்கிறது. இந்த வயரிங் சிரமமாக இருக்கிறதென்று பிளாஸ்டிக் ஃப்ராக்குக்கு மாறிவிடாதீர்கள். நான்கு சக்கரக் குட்டி எஞ்சின் மெதுவாகப் போகும்போது அதன்மேல் மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடும்.

மின்சாரம் போட்டதும் சர்வோக்கள் எல்லாம் ஒருமுறை உதறுகின்றன.

சர்வோவுக்கு 20 மில்லிநொடிக்கு ஒருமுறை சிக்னல் போக வேண்டும். போர்டு விழித்துக்கொள்வதற்குள் சர்வோவுக்கு மின்சாரம் வந்துவிடுவதால் அந்த உதறல். சர்வோக்களுக்கு 5 வோல்ட் சப்ளையைத் தனியாகக் கொடுத்து, மைனஸை மட்டும் போர்டோடு இணையுங்கள். போர்டு தயாரான பிறகு அந்த சப்ளையைப் போடுங்கள்.

திருகாமல் பசையிலேயே ஒட்டலாமா?

வேண்டாம், ஒருநாள் கழற்ற வேண்டிவரும். திருகாணி பலகையின் கனத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முனை மேலே வந்தால் தண்டவாளத்தைத் தூக்கிவிடும்.