பழைய குழாய் ஆர்கனை இடம் மாற்றுவது ஏன் அவ்வளவு பெரிய வேலை?

குழாய் ஆர்கன் என்பது அழுத்திய காற்றைப் பல நூறு, சில நேரம் பல ஆயிரம் குழாய்களில் செலுத்தி ஒலி எழுப்பும் இசைக்கருவி. அது நிற்கப்போகும் மண்டபத்தின் பரப்பையும் எதிரொலியையும் கேட்டுப் பார்த்தே ஒவ்வொரு குழாயின் வாயையும் திருத்துவார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. வேறொருவர் போட வேண்டுமானால் பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

ஜெர்மனியின் வால்க்கர் நிறுவனம் செய்து, 1863-இல் பாஸ்டன் இசை மண்டபத்தில் அரங்கேறிய ஆர்கன் 1884-இல் கழற்றப்பட்டுக் கிடங்குக்குப் போனது. 1897-இல் அதை வாங்கிய செல்வந்தர் எட்வர்ட் சேர்ல்ஸ் செய்ததுதான் அருமை: பாஸ்டனுக்கு வடக்கே உள்ள மெத்யூவென் ஊரில் அந்த ஆர்கனுக்காகவே ஒரு மண்டபம் கட்டி, 1909-இல் திறந்தார். 1940-களில் பெரிய அளவில் திருத்தியமைக்கப்பட்டு, அங்கேயே நிற்கிறது.

பழைய ஆர்கனில் குழாய்கள்தான் தேய்ந்துபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் முதலில் கெடுவது துருத்தியிலும் வால்வுகளிலும் உள்ள தோல்.