வாசகர் கேள்வி – பதில்: தெருவில் நடந்த வம்பும் வாட்ஸ்அப் குழுவும்

கேள்வி: மாலை நடைக்குப் போனபோது முன்பின் தெரியாத ஒருவர் பின்னாலேயே வந்து கத்தித் திட்டினார். அவர் படத்தைத் தெருக் குழுவில் போட்டு எல்லோரையும் எச்சரிக்கலாமா?

பதில்: எச்சரியுங்கள், படம் மட்டும் வேண்டாம். ஆனால் குழுவைத் திறக்கும் முன்பே, யாரிடமும் பேசுவதற்கு முன்பே, நடந்ததை எழுதி வைத்துவிடுங்கள். நேரம், இடம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, எந்தப் பக்கம் போனார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சட்டையைவிடச் செருப்பு, பை, நடை ஆகியவற்றைக் கவனித்து எழுதுங்கள். சட்டையைச் சட்டென்று மாற்றிவிடலாம். சரியாகப் பார்க்காததைப் 'பார்க்கவில்லை' என்றே குறியுங்கள்.

ஏன் இந்த அவசரம்? பிறர் சொல் நம் நினைவுக்குள் புகுந்துவிடும். 1974-ல் லாஃப்டஸ், பால்மர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கார் விபத்துக் காட்சிப் படம் ஒன்றை ஓட்டிக் காட்டிச் சோதித்தார்கள். கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் குழுவில் 7 பேரும் இரண்டாம் குழுவில் 16 பேரும் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. "அவன் கையில் கத்தி இருந்திருக்குமோ?" என்று குழுவில் ஒருவர் கேட்டாலே போதும், உங்கள் நினைவிலும் கத்தி முளைக்கலாம்.

அடுத்தது, அந்த இடத்தில் இருக்கும் கண்காணிப்பு கேமரா. இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிவிடும் என்பதால் கேமரா வைத்திருப்பவரிடம் அன்றைக்கே பதிவைக் கேளுங்கள், அதுவும் '6.10 முதல் 6.30 வரை' என்று குறிப்பிட்டு. திரையில் ஓடுவதை மொபைலில் பிடித்தால் போதாது, மூலக் கோப்பே வேண்டும். கேமராவின் கடிகாரம் பல நேரம் தப்பாக ஓடும். எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வாங்கினால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவாக அனுப்பினால் சுருங்கித் தெளிவு போய்விடும். புகார் கொடுக்கும்போது உங்கள் எழுத்தும் இந்தக் கோப்பும்தான் பேசும்.

படம் ஏன் கூடாது? 2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின், இணையத்தில் கூடித் தேடியவர்கள் சம்பந்தமே இல்லாத ஒரு மாணவரைக் குற்றவாளி என்று காட்டினார்கள். நீங்கள் அழித்தாலும் பிறர் பகிர்ந்த நகல்கள் அழியாது. குழுவில் இப்படிப் போடுங்கள்: "இன்று மாலை 6.15-க்குப் பூங்காவின் பின்வாசலில் ஒருவர் பின்தொடர்ந்து வந்து திட்டினார். நீல முதுகுப்பை, வலது கால் தாங்கிய நடை. புகார் கொடுத்துவிட்டேன். பதிவு வைத்திருப்பவர்கள் எனக்குத் தனியாக அனுப்புங்கள்." இவ்வளவு போதும். சாதி, மதம், ஊர் பற்றிய ஊகம் ஒரு சொல்கூட வேண்டாம். அதே சாயலுள்ள அப்பாவிதான் நாளை மாட்டிக்கொள்வார்.

கேள்வி: 'உதவி வேண்டும்' என்று குழுவில் போட்டேன். பலர் பார்த்தும் யாரும் வரவில்லையே?

பதில்: ஒவ்வொருவரும் இன்னொருவர் போயிருப்பார் என்று இருந்துவிடுகிறார்கள். 1968-ல் டார்லி, லட்டானே என்ற உளவியல் ஆய்வாளர்கள் செய்த சோதனையில், ஒருவர் வலிப்பு வந்து திணறும் குரல் தன் காதில் மட்டுமே விழுகிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் நிற்பதற்குள் உதவிக்குப் போனார்கள். இன்னும் நான்கு பேர் காதிலும் அது விழுகிறது என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் அப்படிப் போனார்கள். ஆபத்தில் குழுவில் எழுதாதீர்கள். முதலில் அவசர எண், பிறகு பக்கத்து வீட்டார் ஒருவருக்கு நேரடி அழைப்பு: "அக்கா, வாசல் விளக்கைப் போட்டுட்டு வெளியே வாங்க."

கேள்வி: நடந்ததைக் குழுவில் சொன்னால், 'அந்த நேரத்தில் ஏன் போனாய்' என்றே எழுதுகிறார்கள்.

பதில்: அதற்குப் பதில் எழுதாதீர்கள். குழு நிர்வாகியைத் தனியாக அழைத்து, அன்றைக்கு நிர்வாகி மட்டும் செய்தி அனுப்பும்படி அமைப்பை மாற்றச் சொல்லுங்கள்.