தலைக்கு எவ்வளவு?

கேள்வி: பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் போன்றோருக்கான எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களை விரிவாக்க வேண்டும் என்கிறார்கள். தலைக்கு எவ்வளவு செலவாகும்? அவ்வளவு பணம் போட்டால் கட்டுப்படியாகுமா?

பதில்: "தலைக்கு" என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். எந்தத் தலை? பதிவேட்டில் பெயர் ஏறிய தலையா, மாதம் தவறாமல் சந்திக்கிற தலையா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வந்து முடிவையும் கேட்டுவிட்டுப் போகிற தலையா?

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 60,000 டாலர். பதிவேட்டில் 1,000 பேர். மாதாமாதம் சந்திக்கப்படுகிறவர்கள் 600 பேர். இரண்டு பரிசோதனையும் முடித்தவர்கள் 400 பேர். தலைக்கு 60 டாலர், 100 டாலர், 150 டாலர் என்று மூன்று விடை வரும். மூன்றும் கணக்குப்படி சரி. அறிக்கையில் 60 ஏறும். தடுப்பு என்று சொல்லத்தக்க வேலை நடந்தது 150-க்குத்தான். போதாததற்கு, ஒரே ஆள் மூன்று இடங்களில் மூன்று பெயரில் பதிவாகியிருப்பார். பெயர் சொல்லவே அஞ்சுகிறவரிடம் அடையாள அட்டை கேட்க முடியாது. தாயின் பெயரில் இரண்டு எழுத்து, பிறந்த தேதி, பிறந்த ஊரின் முதல் எழுத்து என்று சேர்த்து ஒரு குறியீடு உண்டாக்கித்தான் இரட்டைப் பதிவைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் பதிவேடு சுருங்கும், தலைக்கு ஆகும் செலவு ஏறும். ஒழுங்காக எண்ணிய திட்டம் செலவாளித் திட்டமாகத் தெரிவது இப்படித்தான்.

"ஆள் கூடக் கூடத் தலைக்குச் செலவு குறையும்" என்பதும் பாதிதான் உண்மை. மேலாளர், கணக்காளர், வாடகை, பரிசோதனை அறை ஆகியவை 200 பேருக்கானாலும் 800 பேருக்கானாலும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் முதலில் செலவு இறங்கும். பிறகு ஏறத் தொடங்கும். அந்த மக்களிலிருந்தே வரும் களப்பணியாளர் ஒருவர், களத்தில் 'பியர்' என்றே சொல்வார்கள், 50, 60 பேரைக் கவனித்துக்கொள்வார். அவர்கள் எல்லோரும் ஒரே வீதியில் கூடுகிறவர்களாக இருந்தால். வீட்டிலிருந்தபடி செல்பேசி வழியாக வாடிக்கையாளரைப் பார்க்கும் பெண்கள் என்றால், 20 பேரைத் தேடிப் போவதற்கே அவருடைய நேரம் போதாது. சிறைக்குள் போக அனுமதிக் கடிதத்துக்கு அலைய வேண்டும். கடைசி நூறு பேருக்கு ஆகும் செலவு முதல் நூறு பேருக்கு ஆனதைப் போலப் பல மடங்காகலாம். அதை ஊதாரித்தனம் என்கிறவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. இதுவரை எந்தச் சேவையும் எட்டாதவர்கள் அந்த நூறு பேர்தான். இன்றைய சராசரியை மீதமுள்ள ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கி 'விரிவாக்கச் செலவு' என்று எழுதுகிறவர்களுக்குப் பாதி வழியிலேயே பணம் தீர்ந்துபோகிறது.

பொருள் வாங்குவதில் நடக்கும் தவறு இன்னும் மோசம். சிரிஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியைக் கழற்றி மாட்டும் சாதாரண வகையில், தண்டைக் கடைசிவரை அழுத்திய பிறகும் சிரிஞ்சின் முனையிலும் ஊசியின் அடிக்குமிழிலும் சுமார் 84 மைக்ரோலிட்டர் தங்கிவிடும். ஊசி ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்சில் தங்குவது சுமார் 2. அந்தத் தங்கலில்தான் முந்தையவரின் ரத்தம் இருக்கிறது. கழுவினாலும் முழுக்கப் போகாது. ஆகவே குறைவாகத் தங்கும் வகையையும் வழங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-ல் பரிந்துரைத்தது. சரி என்று இன்சுலின் சிரிஞ்சை மட்டும் பெட்டி பெட்டியாக வாங்கிவிடுகிறார்கள். அது ஒரு மில்லிலிட்டர்தான் கொள்ளும். அதைவிட அதிகமாகக் கரைத்துப் போடுகிறவருக்குப் போதாது. கையில் நரம்பெல்லாம் கெட்டியாகிப்போய், தொடையிடுக்கில் ஆழத்தில் தேடுகிறவருக்கு அந்தக் குட்டை ஊசி எட்டாது. அவர் பழைய சிரிஞ்சுக்கே திரும்புவார், பெட்டிகள் கிடங்கில் காலாவதியாகும். கழற்றும் ஊசியிலேயே தங்கலைக் குறைக்கும் வகை உண்டு. எந்த நீளம், எந்தக் கனம், எத்தனை மில்லி என்று போட்டுக்கொள்பவரைக் கேட்டு, இரண்டு மூன்று வகையாக வாங்கினால் விலை கொஞ்சம் கூடும். ஆனால் வாங்கியது அவர் கையில் இருக்கும்.

எண்ணிக்கையும் போதுமானதாக இருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு ஆண்டுக்கு 300 என்பது 2030-க்கான உலக இலக்கு. 500 பேர் என்றால் 1,50,000 சிரிஞ்சு. கொடுத்தது அவ்வளவும் திரும்பி வர வேண்டும். அதற்குக் குத்தாத பெட்டி, ஏற்றிச்செல்ல வண்டி, எரிக்க உலை எல்லாம் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத வரவு-செலவுத் திட்டம் தெருவில் ஊசியைச் சிதறவிட்டு, அக்கம்பக்கத்தாரின் கோபத்தில் மூடப்படும். ஆணுறையிலும் அப்படித்தான். ஆணுறையோடு தரும் வழுக்குக் களிம்பான லூப் பாக்கெட்டை வெட்டிச் சிக்கனம் பிடித்தால், கைக்குக் கிடைத்த எண்ணெயைத் தடவுவார்கள். எண்ணெய் பட்ட லேட்டெக்ஸ் கிழியும்.

'விழிப்புணர்வு' என்ற சொல் மேல் எனக்கிருக்கும் கோபம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஊர்வலத்துக்கும் பதாகைக்கும் போகும் பணத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது ஏறுகிறது. பாலியல் தொழிலாளிக்கு ஆணுறை தெரியாதா? வாடிக்கையாளர் மறுத்தால் அவரை அனுப்பிவிடும் துணிவும், ஆணுறை வைத்திருந்ததையே சாட்சியாக்கிப் பிடித்துப் போகாத காவல்துறையும்தான் அவருக்கு வேண்டும். கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சிப் பகுதியில் 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய தடுப்பு வேலை நிலைத்ததற்கு, பாலியல் தொழிலாளர்களே பியர்களாகி, பிறகு சங்கமாகத் திரண்டதுதான் காரணம்.

இப்போது எல்லோரும் பேசுவது எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் ஊசி மருந்தை: லெனகாபவிர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வயிற்றுத் தோலுக்கடியில். 2024-ல் வந்த ஆய்வு முடிவில், அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் எச்.ஐ.வி. தொற்றவில்லை. 2025-ல் விற்பனைக்கு வந்தபோது அமெரிக்காவில் பட்டியல் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். அதே மருந்தை மலிவாகச் செய்யும் ஜெனரிக் நிறுவனங்கள் 2027 முதல் ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்குத் தருவதாக அறிவித்திருக்கின்றன, 120 நாடுகளுக்கு. ஆண் மற்றும் திருநங்கைத் தன்னார்வலர்களிடம் ஆய்வு நடந்த பிரேசிலும் மெக்சிகோவும் அந்தப் பட்டியலில் இல்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

ஆனால் 40 டாலர் மருந்தின் விலை மட்டும்தான். முதல் ஊசியன்றும் மறுநாளும் தலா இரண்டு மாத்திரை விழுங்க வேண்டும். அடுத்த ஊசி 26 வாரத்தில். இரண்டு வாரம் முன்பின் ஆகலாம். 28 வாரம் தாண்டினால் மறுபடி பரிசோதித்து, மாத்திரையிலிருந்து தொடங்க வேண்டும். பாதியில் விட்டவர் உடலில் மருந்து ஓராண்டுக்கு மேலும் சிறுகச் சிறுக மிஞ்சியிருக்கும். அந்த நேரத்தில் தொற்று வந்தால் மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறக்கூடும். இடம் மாறிப் போனவரை 25-ஆவது வாரத்தில் தேடிக் கண்டுபிடிப்பது யார்? பியர்தான். மாத்திரைக் காலத்துப் பாடமும் இதுவே. தினசரித் தடுப்பு மாத்திரையைப் பெண்களிடம் சோதித்த ஃபெம்-பிரெப் ஆய்வில், எப்போதுமோ பெரும்பாலுமோ மாத்திரை போடுவதாகச் சொன்னவர்கள் 95 சதவீதம். ரத்தத்தில் பார்த்தால் மருந்து இருந்தது 40 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம். அந்தப் பெண்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. மாத்திரை டப்பா வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆகும் என்ற பயத்தைப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நிறுத்தி நிறுத்தி நடத்துவதுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் ஸ்காட் கவுண்டியில் முன்பு ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய தொற்றுதான் பதிவாகும். வலிநிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களிடையே 2015-ல் வெளிப்பட்ட பரவல் 200 பேரைத் தாண்டியது. புது ஊசி வழங்க மாநிலச் சட்டத்தில் இடமில்லை. ஆளுநர் அவசரநிலை அறிவித்த பிறகே கொடுத்தார்கள், பரவலும் அடங்கியது. 2021-ல் அந்தத் திட்டத்தை மூடிவிட கவுண்டி நிர்வாகிகள் வாக்களித்தார்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்க உதவிப் பணத்தில் தடுப்பு மருந்து கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மட்டும் என்று ஆனது; இந்தக் கேள்வியில் பேசப்படும் அத்தனை பேரும் ஒரே நாளில் வெளியே தள்ளப்பட்டார்கள். திட்டம் நின்றால் முதலில் போவது பியர். அவரோடு போவது, எந்த எண்ணை எத்தனை மணிக்கு அழைத்தால் யார் எடுப்பார் என்ற அறிவு. அது எந்தக் கோப்பிலும் இருக்காது. மறுபடி தொடங்கும்போது முதலிலிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டும்.

கட்டுப்படியாகுமா என்கிறீர்கள். தொற்றுக்குப் பிறகான அடிப்படை மருந்து இன்று மொத்தக் கொள்முதலில் ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் அது ஆயுள் முழுக்க. வைரஸ் அளவுப் பரிசோதனையும் மருத்துவரும் தனி. தடுப்பு மருந்து ஒருவருக்கு ஆபத்து இருக்கும் ஆண்டுகளுக்கு மட்டும் போதும். கட்டுப்படியாகும். எய்ட்ஸ் செலவில் கால்பங்கைத் தடுப்புக்கு ஒதுக்குவோம் என்று 2016-லேயே ஐ.நா.வில் நாடுகள் உறுதி கொடுத்திருக்கின்றன.

ஏதாவது ஒரு திட்டத்தின் வரவு-செலவுத் தாள் உங்கள் கைக்கு வந்தால், மருந்து வரியை விட்டுவிட்டு பியர்களின் ஊதியத்தையும் பயணப்படியையும் தேடிப் பாருங்கள். போன ஆண்டைவிட ஆட்கள் கூடி, அந்த வரி மட்டும் குறைந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.